தாழ்த்திய டிரக்குக்குப் புது வீல்: ஸ்பேசர் வாங்கும் முன் அளவெடுங்கள்

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். 2003ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் டிரக் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முந்தைய உரிமையாளர் அதை முன்பக்கம் 2 அங்குலமும் பின்பக்கம் 3 அங்குலமும் தாழ்த்தியிருக்கிறார். இப்போதுள்ள 18 அங்குல வீல்களுக்குப் பதிலாக 20 அங்குல விட்டமும் 9 அங்குல அகலமும் +30 ஆஃப்செட்டும் (ஹப்பில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், மி.மீ. கணக்கில்) கொண்ட நான்கு வீல்களை வாங்கியிருக்கிறேன். இன்னும் டயர் மாட்டவில்லை. 275/45 ஆர் 20 டயர் போட எண்ணம். வீல் விற்றவர், உள்பக்கம் உரசாமல் இருக்க முன்னால் 38 மி.மீ., பின்னால் 50 மி.மீ. ஸ்பேசர் (வீலுக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டு) போட வேண்டும் என்றும், பார்வைக்கும் அதுதான் எடுப்பாக இருக்கும் என்றும் சொல்கிறார். ஸ்பேசரே ஆபத்து என்கிறார்கள் நண்பர்கள். பழைய வீலை அளந்து பார்த்தேன்: அகலம் 9.5 அங்குலம், பேக் ஸ்பேசிங் ஐந்தே முக்கால் அங்குலம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நீங்கள் இன்னும் டயர் மாட்டவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி. டயர் ஏறிய வீலைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் திரும்ப எடுப்பதில்லை. டயர் மாட்டும் இயந்திரத்தின் கவ்வி ரிம்மில் ஒரு கோடு போட்டாலும் அது பழைய வீல்தான். எனவே கீழே உள்ள கணக்கும் வெறும் வீலை மாட்டிப் பார்க்கும் சோதனையும் முடியும் வரை டயர் கடைக்குப் போகாதீர்கள்.

பழைய வீலை அளந்து வைத்திருப்பதால் கணக்கு எளிது. ரிம்மின் அகலம் என்று சொல்லப்படுவது டயர் உட்காரும் இடத்தின் அகலம். இரு பக்க விளிம்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடும். ஆகவே உங்கள் பழைய வீலின் மொத்த அகலம் பத்தரை அங்குலம், அதாவது 267 மி.மீ. ஹப்பில் பொருந்தும் முகத்திலிருந்து உள் விளிம்பு வரை 146 மி.மீ. (அதுவே பேக் ஸ்பேசிங்), வெளி விளிம்பு வரை மீதி 121 மி.மீ. புது வீலின் மொத்த அகலம் 10 அங்குலம், 254 மி.மீ.; அதில் பாதியான 127-உடன் ஆஃப்செட் 30-ஐக் கூட்டினால் உள்பக்கம் 157 மி.மீ., வெளிப்பக்கம் 97 மி.மீ. புது வீல் பழையதைவிட 11 மி.மீ. உள்ளே போகிறது, 24 மி.மீ. வெளிப்பக்கம் குறைகிறது. உள்ளே உரசக்கூடும் என்று விற்பனையாளர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன மருந்தின் அளவு தவறு.

முன்னால் 38 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வெளி விளிம்பு 135 மி.மீ. ஆகும், பழையதைவிட 14 மி.மீ. வெளியே. பின்னால் 50 மி.மீ. போட்டால் 147, பழையதைவிட 26 மி.மீ. வெளியே. 3 அங்குலம் தாழ்ந்து, மட்கார்டு விளிம்பு டயரின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும் பின்பக்கத்தில் இந்த 26 மி.மீ. என்ன செய்யும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். லைட்னிங்கின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கும் ஒரே தண்டான ஆக்ஸிலும் கொண்டது; ஒரு பக்கம் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் சாய்ந்து மேலேறும், வளைவில் ஆக்ஸில் சிறிது பக்கவாட்டிலும் நகரும். நின்ற நிலையில் கை நுழையும் இடைவெளி ஓட்டத்தில் இருக்காது.

25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் வெளி விளிம்பு 122 மி.மீ.க்கு வருகிறது. பழைய வீல் நின்ற இடத்துக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு. உள்ளேயும் பழையதைவிட 14 மி.மீ. கூடுதல் இடம் கிடைக்கிறது. இதுவே உங்கள் உச்ச வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். முதலில் ஸ்பேசர் இல்லாமலேயே வெறும் வீலை மாட்டி, முன் சஸ்பென்ஷனின் மேல் கண்ட்ரோல் ஆர்முக்கும் பால் ஜாயிண்டுக்கும், பிரேக் காலிப்பருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். வீலை மாற்றிக் கொடுக்க விற்பனையாளர் சம்மதித்தால், ஆஃப்செட் +5 முதல் +14 வரை உள்ள அதே அகல வீலைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. அந்த வீலுக்கு ஸ்பேசரே வேண்டியிருக்காது. ஸ்பேசர் தன்னளவில் தீமை என்று நான் கருதவில்லை. ஆனால் கணக்கில் குறையும் மில்லிமீட்டரைச் சரிசெய்வதற்காக அதைப் போடலாம், எடுப்புக்காகப் போடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வீல் வெளியே தள்ளப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேரிங்கின் மேல் நெம்புகோல் போல வேலை செய்கிறது. முன்பக்கத்தில், ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்திலிருந்து டயரின் நடுப்பகுதி விலகிப் போவதால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

அடுத்தது டயர். லைட்னிங்குக்குத் தொழிற்சாலை கொடுத்த அளவு 295/45 ஆர் 18. அதன் உயரம் சுமார் 723 மி.மீ. நீங்கள் எண்ணியிருக்கும் 275/45 ஆர் 20-இன் உயரம் சுமார் 755 மி.மீ. தாழ்த்திய வண்டியில் டயரின் தலை 16 மி.மீ. மேலே ஏறுகிறது; ஸ்பீடோமீட்டர் 70 மைல் காட்டும்போது நீங்கள் 73 மைலில் போய்க்கொண்டிருப்பீர்கள். அதே அகலத்தில் 275/40 ஆர் 20 வாங்கினால் உயரம் 728 மி.மீ.; பழையதற்கும் இதற்கும் வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 9 அங்குல ரிம்முக்கும் பொருந்தும். வாங்குமுன் பாரக் குறியீட்டைப் பாருங்கள். 106 என்றால் ஒரு டயருக்கு 2,094 பவுண்டு. ஆனால் கார் வகை டயரை டிரக்கில் போடும்போது அந்த எண்ணை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எனவே உண்மையில் 1,903 பவுண்டுதான். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள பின் ஆக்ஸில் பாரத்தில் பாதியைவிட இது கூடுதலாக இருக்க வேண்டும். வீலின் பின்புறத்தில் பொறித்திருக்கும் பார எண்ணுக்கும் இதே சோதனை. அங்கே எண்ணே இல்லையென்றால் அந்த வீலை நான் வாங்க மாட்டேன்.

ஸ்பேசர் வாங்குவதாக முடிவானால் மூன்று இடங்களில் கண் வையுங்கள். உங்கள் டிரக்கின் ஹப் விட்டம் 87.1 மி.மீ., போல்ட் வட்டம் 5 × 135 (135 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து ஸ்டட்), நட்டு ஏறும் அந்த ஸ்டட் 14 மி.மீ. தடிமனும் 2.0 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. ‘ஹப் சென்ட்ரிக்’ என்று விளம்பரம் செய்யப்படும் பல ஸ்பேசர்களில் உள் துளை மட்டுமே 87.1 இருக்கும், வீல் உட்காரும் வெளிப்பக்கத்தில் உதடு போல எழும்பிய வளையம் இருக்காது. அப்படியானால் ஸ்பேசர் ஹப்பின் மையத்தில் இருக்கும், வீலோ ஐந்து நட்டுகளின் தயவில் தொங்கும். வெர்னியர் காலிப்பரால் இரண்டு பக்கத்தையும் அளவெடுங்கள். வீலின் நடுத்துளை 87.1-ஐவிடப் பெரிதாக இருந்தால் இடையில் ஒரு வளையம் வேண்டும். அடுத்து, ஹப்பின் பழைய ஸ்டட்கள் 25 மி.மீ. தடிமனைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அவற்றை விழுங்கும் குழிகள் வீலின் பின்முகத்தில் இருக்க வேண்டும்; இல்லையேல் வீல் ஸ்பேசரின் மேல் சமமாகப் படியாது. இவற்றோடு உலோகமும் முக்கியம்: 6061-டி6 அல்லது 7075-டி6 அலுமினியம் என்று எழுத்தில் கொடுக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை என் நண்பரின் டிரக்கிலிருந்து கழற்றிய ஸ்பேசரைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வட்டமாக இருக்க வேண்டிய ஸ்டட் துளைகள் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தன. ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பொடி. விரலில் தேய்த்தால் மினுமினுத்தது. அலுமினியம் மாதக்கணக்கில் அரைபட்டு உதிர்ந்த பொடி அது. ஒரு கடையில் காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுக்காமலேயே அனுப்பியிருக்கிறார்கள். 60 மைல் வேகத்தில் வந்த லேசான நடுக்கத்தை அவர் வீல் பேலன்ஸ் குறை என்று எண்ணி மூன்று மாதம் ஓட்டியிருந்தார்.

ஆகவே பொருத்தும் நாளில் ஹப் முகத்தின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். முதலில் ஸ்பேசரை ஹப்பில் பிடிக்கும் நட்டுகள், பிறகு வீலை ஸ்பேசரின் ஸ்டட்களில் பிடிக்கும் நட்டுகள், இரண்டையும் நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். 14 மி.மீ. ஸ்டடுக்கு உங்கள் டிரக்கின் கையேடு சொல்வது 150 பவுண்டு-அடி. ஸ்பேசர் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் ஸ்பேசர் நட்டுக்கு அதையே பின்பற்றுங்கள். 50 முதல் 100 மைல் ஓடியதும் வீலைக் கழற்றி, மறைந்திருக்கும் ஸ்பேசர் நட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். வெளியே தெரியும் நட்டுகளை மட்டும் சரிபார்த்துவிட்டுப் போவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

கடைசிச் சோதனைக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் வெளித் தோளிலும் உள் தோளிலும் சாக்பீஸைத் தடிமனாகத் தேயுங்கள். பின்னால் இரண்டு மூன்று மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, வேகத்தடை ஒன்றை மெதுவாக நேராகவும், பிறகு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபடி ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படியும் கடந்துவிட்டு, இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மட்கார்டின் உள் மடிப்பிலோ கண்ட்ரோல் ஆர்மிலோ வெள்ளைக் கோடு இருந்தால் அங்கே டயர் தொட்டிருக்கிறது. அந்த இடத்தைச் சரிசெய்யாமல் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சாதாரண வாகனங்களுக்கான ஆண்டுப் பாதுகாப்புச் சோதனை நீக்கப்பட்டுவிட்டதால், உங்களுக்காக இதைப் பார்த்துச் சொல்ல வேறு யாரும் வரப்போவதில்லை.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். புது டிரக்கைத் தாழ்த்தி, வேறு வீலும் மெல்லிய ஸ்பேசரும் போட்டிருக்கிறேன். ஏ.சி. வேலை செய்யவில்லை என்று டீலரிடம் போனால், ‘வண்டியை மாற்றியமைத்துவிட்டீர்கள், வாரண்டி முழுவதும் போய்விட்டது’ என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, வேறு நிறுவனத்தின் பாகத்தைப் போட்டீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டும். ஏ.சி. கம்ப்ரஸருக்கும் ஸ்பேசருக்கும் தொடர்பில்லை. மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல டீலர்களின் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் அந்தக் கடிதத்துடன் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும், மத்திய வர்த்தக ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம். ஆனால் நாளை வீல் பேரிங்கோ பால் ஜாயிண்டோ தேய்ந்தால் நிலைமை வேறு. அங்கே ஸ்பேசரைக் காரணம் காட்டுவது அவர்களுக்கு எளிது, அந்தச் செலவுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றங்களைத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ‘2004 முதல் எல்லா எஃப்-150க்கும் பொருந்தும்’ என்ற விளம்பரத்தை நம்பி, என் 2016 எஃப்-150க்கு 6 × 135 ஸ்பேசர் வாங்கினேன். கூட வந்த நட்டு இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்.

பதில்: போல்ட் வட்டமும் ஹப் விட்டமும் 2004 முதல் ஒன்றுதான், மரை ஒன்றல்ல. 2014 வரை 14 × 2.0; 2015 முதல் 14 × 1.5. உங்களுக்கு வந்தது பழைய மரை. நட்டைப் பலவந்தமாக முடுக்காதீர்கள். சரியான நட்டு கையாலேயே கடைசிவரை சுழல வேண்டும், மரையைக் குறைந்தது ஸ்டடின் தடிமன் அளவுக்காவது பிடிக்க வேண்டும், உங்கள் 1.5 மரையில் அது ஒன்பது சுற்றுக்கு மேல்.

விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், ஒப்புக்கொண்டபடி பொருள் வரவில்லை என்று அந்தச் செலவு முதன்முதலில் இடம்பெற்ற பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நட்டும் ஸ்டடும் பொருந்தாத படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்கெனவே எந்த ஸ்டடிலாவது ரெஞ்ச் வைத்து முடுக்கிப் பார்த்திருந்தால், அதன் மரையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேனும் தடுக்கினால், பழைய வீலையே திரும்ப மாட்டினாலும் அந்த ஸ்டடை முதலில் மாற்றிவிடுங்கள்.