வினிகரில் ஊறிய இழைப்புளி மறுநாளே துருப்பிடித்தால்

ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, காய்ந்த உடனே எண்ணெய் பூசுங்கள். நின்றுவிடும்.

வினிகரில் ஊறவைத்துத் துரு போன தாத்தா காலத்து இரும்பு இழைப்புளி மறுநாள் காலையிலேயே மஞ்சள் பூத்துவிட்டது என்றீர்கள். பெரும்பாலும் வார்ப்பிரும்பின் இடுக்குகளில் தங்கிய அமிலம்தான் காரணம். வெறும் தண்ணீரில் அது போகாது. குளச்சலில் கடலை ஒட்டி வீடு வேறு. உப்புக்காற்று சும்மா விடுமா?

சோடாத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அமிலம் இன்னும் இருக்கிறது. நுரை அடங்கும்வரை பழைய டூத்பிரஷால் தேயுங்கள். திருகு ஓட்டைகள், அலகு உட்காரும் இடம் எதையும் விடாதீர்கள். அப்புறம் நல்ல தண்ணீர், துணி, வெயில். மழை பெய்தால் ஹேர் டிரையர். சூடு ஆறுவதற்குள் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வீட்டில் எவ்வளவு கிடந்தாலும் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

அடிப்பகுதியில் மட்டும் எண்ணெய்க்குப் பதில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். எண்ணெய் பலகையில் ஏறினால் பாலிஷ் சரியாகப் பிடிக்காது.

இந்த மஞ்சளைப் போக்க மறுபடி வினிகரில் போட்டுவிடாதீர்கள், நல்ல இரும்பையும் அது அரிக்கும். அலகின் தட்டையான பக்கத்தையும் பாருங்கள். துருப்பள்ளம் வெட்டுமுனை வரை வந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் மரத்தில் கோடு விழும். அந்தப் பகுதியைச் சாணைபிடித்துக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் புது அலகுதான்.