ஷூமனின் வயலின் கான்செர்ட்டோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெண்டல்சன், பிராம்ஸ், சாய்க்கோவ்ஸ்கி, புரூக் என்று திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது. வேறு பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் வயலின் படைப்பு ஏதாவது கேட்கலாம் என்று ஷூமனின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) எடுத்தேன். நடுப்பகுதி நன்றாக இருந்தது. கடைசிப் பகுதி ஒரே இழுவை, பாதியில் நிறுத்திவிட்டேன். எண்பது வருடம் இதைப் பூட்டி வைத்தது சரிதானோ? இப்படிப் புதைந்து கிடப்பவற்றைப் பதிவுகளில் தேடிப் போவது வீண் வேலையா?

கே.

அன்புள்ள கே.,

யாருடைய பதிவைக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மெண்டல்சனை யார் வாசித்தாலும் மெண்டல்சன் பிழைத்துக்கொள்வார். ஷூமனின் இந்தப் படைப்புக்கு அந்தத் தெம்பு கிடையாது.

கடைசிப் பகுதி பொலொனேஸ் என்ற போலந்து நடன நடையில், மூன்று தட்டுக் கணக்கில் போவது. ‘உயிர்ப்போடு, ஆனால் வேகமாக அல்ல’ என்று எழுதி, மெட்ரோனோம் (தாளம் எண்ணும் கருவி) அளவு நிமிடத்துக்கு 63 தட்டு என்றும் ஷூமன் குறித்திருக்கிறார். அதாவது மூன்று தட்டு கொண்ட ஒரு பார் கிட்டத்தட்ட 2.9 நொடி. 80க்குப் போனால் அதே பார் 2.25 நொடியில் முடிந்துவிடும். 63இல் வாசித்தால் தனி வயலினின் சரளிகள் பயிற்சிப் பாடம்போல ஒவ்வொன்றாக எண்ணிக் கேட்கும். 80இல் வாசித்தால் வில் திணறும், பொலொனேஸின் மிடுக்கும் போய்விடும். மெதுவான வேகத்திலேயே இதைத் தூக்கி நிறுத்தலாம். அதற்கு வில்லின் அழுத்தம் குறைய வேண்டும், நடத்துநர் மூன்று தட்டையும் ஒரே கனத்தில் போடாமல் முதல் தட்டை மட்டும் ஊன்ற வேண்டும்.

இதைச் சோதிக்க வசதியாக ஒரே கலைஞரின் இரண்டு பதிவுகள் இருக்கின்றன. வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் 1980களின் தொடக்கத்தில் நடத்துநர் முட்டியோடு ஒரு முறையும், 1990களில் நடத்துநர் ஹார்னன்கோர்ட்டோடு ஒரு முறையும் பதிவு செய்தார். இரண்டாவதில் ஷூமன் குறித்த மெதுவான வேகத்தை மதித்திருக்கிறார்கள். கைப்பேசியில் மெட்ரோனோம் செயலியை 63இல் வைத்துக்கொண்டு இரண்டின் கடைசிப் பகுதியையும் ஒட்டிக் கேளுங்கள். ஸ்கோர் (இசைக்குறிப்பு) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தனி வயலின் பெரும்பாலும் கீழ், நடு ஸ்தாயிகளிலேயே உழல்கிறது, பின்னால் தந்தி வாத்தியங்களும் அதே இடத்தில்தான். பெரிய இசைக்குழு என்றால் வயலின் மூழ்கிவிடும். அதை மீட்க மைக்கை அருகே கொண்டுபோனால் வில்லின் உராய்வுதான் காதில் விழும். இசபெல் ஃபாஸ்ட், ஃப்ரைபர்க் பரோக் இசைக்குழுவோடு செய்த பதிவில் (2015) இந்தத் தொல்லை இல்லை. குடல் நரம்புத் தந்திகள், விரல் அதிர்வு (விப்ராட்டோ) குறைந்த வாசிப்பு. நடுப்பகுதித் தொடக்கத்தில் செல்லோக்கள் (கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியங்கள்) தட்டுக்குத் தள்ளி எடுப்பதும், அதே செல்லோ மெட்டு கடைசிப் பகுதியில் மீண்டும் தலைகாட்டுவதும் தெளிவாகக் கேட்கும். உங்களுக்குப் பிடித்த நடுப்பகுதி இடைவெளியே இல்லாமல் கடைசிப் பகுதிக்குள் நுழைகிறது. ஆகவே தனியாக வெட்டிக் கேட்காதீர்கள்.

பூட்டி வைத்த கதைக்கு வருவோம். 1853இல் வயலின் கலைஞர் யோவாகிமுக்காக எழுதப்பட்டது. சில மாதங்களில் ஷூமன் ரைன் நதியில் குதித்தார், 1856இல் மனநல விடுதியில் இறந்தார். நோயின் நிழல் இதில் விழுந்திருக்கிறது என்று யோவாகிமும் ஷூமனின் மனைவி கிளாராவும் கருதியதால் அச்சேறவில்லை. 1937இல் அதை மேடையேற்றியது நாஜி ஆட்சி. மெண்டல்சன் யூதர் என்று விலக்கப்பட்ட இடத்தை நிரப்ப அவர்களுக்கு ஒரு ஜெர்மன் கான்செர்ட்டோ தேவைப்பட்டது. அன்று வாசித்த குலென்காம்ப் அதே ஆண்டு பதிவும் செய்தார். தனி வயலின் பகுதி அதில் திருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே அதில் தொடங்க வேண்டாம். மூலத்தை ஒட்டி வாசித்தவர் மெனுஹின், 1938இல், நடத்துநர் பார்பிரொல்லியோடு.

நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் இந்தப் பழைய இசைத்தட்டுகளின் மறுபதிப்பை வாங்கும்போது சுருதியைப் பாருங்கள். அரை சுரம் ஏறி ஒலித்தால் தட்டு சுமார் 6 சதவீதம் வேகமாக ஓட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். பாவம், பழி வயலின்காரர் தலையில் விழும்.

தேடிப் போவது வீணில்லை, ஆனால் எல்லாம் பொக்கிஷமும் இல்லை. ஹைப்பீரியன் நிறுவனம் ரொமான்டிக் வயலின் கான்செர்ட்டோக்களுக்கென்றே ஒரு வரிசை வெளியிட்டிருக்கிறது. அதில் டாஸ்மின் லிட்டில் வாசித்த மோஷ்கோவ்ஸ்கி, கார்லோவிச் கான்செர்ட்டோக்களின் இசைத்தட்டை எடுங்கள். சில தொகுதிகளில் சாமர்த்தியம் மட்டுமே மிஞ்சும்.

ஷூமனை மூடி வைத்த யோவாகிமின் சொந்தக் கான்செர்ட்டோவும் அரங்குகளிலிருந்து காணாமல் போனது. பிராம்ஸுக்கு அர்ப்பணிக்கப்பட்ட, ஹங்கேரிய பாணியிலான டி மைனர் படைப்பு அது. ரேச்சல் பார்ட்டன் பைன், சிகாகோ சிம்பனி இசைக்குழுவோடு செய்த பதிவு இருக்கிறது. முதல் பகுதி மட்டுமே இருபது நிமிடத்தைத் தாண்டும். ஜிப்சி நடையிலான கடைசிப் பகுதியை முதலில் கேட்டுவிட்டு, பிறகு முதல் பகுதிக்குப் போங்கள்.