நாடகம் எடுத்தால் கணக்கு போய்விடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் 9ஆம் வகுப்பு, இங்கே டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் படிக்கிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுத் தாளில் டிராமாடிக் ஆர்ட்ஸ், அதாவது நாடகப் பாடம் என்று எழுதிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாளாக வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. மாமனார் "நம்ம வீட்டுப் பொண்ணு கூத்தாடியாகணுமா?" என்று கேட்டுவிட்டார். "கணக்கில் நன்றாக வாங்கும் பிள்ளை இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியில்தான் எனக்கு உங்கள் பயம் புரிந்தது. நீங்கள் திருச்சியில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். அங்கே பிளஸ் ஒன் சேரும்போது குரூப் எடுக்க வேண்டும். முதல் குரூப் எடுத்தால் கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் மொத்தமாக வரும். வணிகவியல், கலை குரூப் எடுத்தால் அவை பெரும்பாலும் போய்விடும். மகள் நாடகம் என்று சொன்னதும், அவள் அறிவியல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டாள் என்று நினைத்துவிட்டீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் குரூப் கிடையாது. 10ஆம் வகுப்பு முதல் மேட்ரிக் எனும் 12ஆம் வகுப்பு வரை ஏழு பாடம். இரண்டு மொழி, ஒரு கணக்குப் பாடம், லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் உண்டு. மீதி மூன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. அந்த மூன்றில் ஒன்றுதான் நாடகம். மற்ற இரண்டையும் பிசிக்கல் சயின்சஸ் (இயற்பியலும் வேதியியலும்), லைஃப் சயின்சஸ் (உயிரியல்) என்று எடுத்து, ப்யூர் மேத்ஸ் என்ற முழுக் கணக்குப் பாடமும் படித்தால், மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ மனுப் போட நாடகம் குறுக்கே நிற்காது. பல்கலைக்கழகப் படிப்புக்குரிய பாடங்கள் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது, 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். பட்டியல் இருந்த காலத்திலும் நாடகம் அதில் இருந்தது. பட்டப் படிப்புக்கான தேர்ச்சிக்கு நான்கு பாடங்களில் 50 சதவீதம் வேண்டுமே, அந்த நான்கில் ஒன்றாக நாடகத்தையும் முழுதாகவே எண்ணுவார்கள்.

ஆகவே நீங்கள் கவலைப்பட வேண்டிய கட்டம் அந்தத் தாளில் வேறு இடத்தில் இருக்கிறது. கணக்கு என்ற இடத்தில் அவள் ப்யூர் மேத்ஸ் எழுதியிருக்கிறாளா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் சுலபமான மேத்ஸ் லிட்டரசி எழுதியிருக்கிறாளா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இன்றைக்கே பாருங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்குப் பாடத் தேர்வில் ஆலோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனுக்கு, "மேத்ஸ் லிட்டரசிக்கு மாறு, மார்க் கூடும், பல்கலைக்கழகம் சேர்க்கைக்குப் பார்க்கும் ஏ.பி.எஸ். என்ற மொத்தப் புள்ளியும் கூடும்" என்று சொன்னேன். அவனுக்குக் கணக்கில் ஐம்பதை ஒட்டித்தான் வந்துகொண்டிருந்தது. மாறினான், நல்ல மார்க்கும் வாங்கினான். மேட்ரிக் படிக்கும்போது அவனுக்குக் கணக்கியல் பட்டப் படிப்பில் ஆசை வந்தது. அந்தப் படிப்பு ப்யூர் மேத்ஸ் கேட்டது. தெருவில் அவன் அம்மாவைப் பார்த்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்கள் மகளுக்குக் கணக்கு வரும்போது அதை அவள் விடவே கூடாது. நாடகத்துக்காகவும் விடக் கூடாது, சுலபம் என்பதற்காகவும் விடக் கூடாது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். "சும்மா ஆடிப் பாடி மார்க் வாங்கும் பாடம்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி நம்பி எடுத்த பிள்ளைகள் 11ஆம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். மேட்ரிக் எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம், 150 மதிப்பெண், நிறைய எழுத வேண்டும். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் காவிய அரங்கு, அபத்த நாடகம், நிறவெறிக் காலத்தில் இந்த நாட்டு நாடகக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பாடத்தில் வரும். அப்புறம் தேர்வாளர் முன்னால் நடித்துக் காட்டும் செய்முறைத் தேர்வு வேறு. ஆண்டு முழுவதும் ஒத்திகை, அதைப் பற்றிக் குறிப்பேடு, தன் நடிப்பைத் தானே அலசி எழுதுவது. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சலிக்கும் பிள்ளைக்கு இது பெரும் சுமை. உங்கள் மகள் எப்படி என்று அவளுடைய ஆங்கில மார்க்கைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். 9ஆம் வகுப்பு கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் நாடகத்தோடு இன்னொரு கலையும் கலந்திருக்கும்.

இந்தப் பாடம் ஒரு பிள்ளைக்கு என்ன தரும் என்றும் சொல்ல வேண்டும். இருபது பேர் முன்னால் நின்று நடுங்காமல் பேசுவது. தனக்குப் பிடிக்காத ஒரு மனிதனின் பக்கமிருந்தும் யோசிப்பது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் வேலையை முடிப்பது, ஏனென்றால் திரை தூக்கும் நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் இவை வேண்டாமா?

மாமனார் சொன்னதற்கு அவரையே வைத்துப் பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது. 1860இல் டுரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல், கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் கூடவே கொண்டுவந்தவற்றில் தெருக்கூத்தும் ஒன்று. இன்றும் இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்கிறார்களே, அது தெருக்கூத்துதான். மாமனார் சிறு வயதில் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருப்பார். டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழ்ந்த கேட்டோ மேனரும் அவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவிந்தர், அந்த மண்ணின் மனிதர்களையும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அவர்களைப் பெயர்த்து எறிந்ததையும் மேடைக்குக் கொண்டுவந்தார். 1960களில் டர்பனில் ஷா தியேட்டர் அகாடமியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், முத்தல் நாயுடு என்ற பெண்ணும் ஒருவர். ஜோகன்னஸ்பர்க்கில் 1976இல் தொடங்கிய மார்க்கெட் தியேட்டர் இருக்கும் கட்டடம் பழைய இந்தியப் பழச் சந்தை. கூத்தாடி என்று ஒதுக்கிய தொழிலில்தான் இந்த நாட்டு நடிகர்கள் ஜான் கானியும் வின்ஸ்டன் என்ட்ஷோனாவும் 1975இல் நியூயார்க்கில் டோனி விருது வாங்கினார்கள். பேச விடாத காலத்தில் இந்த நாடு பேசியது மேடையில்தான். இதையெல்லாம் உங்கள் மகள் பாடமாகப் படிப்பாள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

பிழைப்பு? இதில் உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்ல மாட்டேன். நடிப்பை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இங்கே மாதச் சம்பளம் அரிது. ஒப்பந்த வேலை வரும், முடியும், அடுத்தது வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பள்ளியில் நாடகம் படிப்பதும் நடிகையாவதும் ஒன்றல்ல. இந்தப் பாடம் எடுத்த பிள்ளைகளில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வேறு படிப்புக்குத்தான் போனார்கள். தொடர்ந்து இதையே படிக்க ஆசைப்பட்டால் வெளியூர் போக வேண்டிய அவசியமில்லை. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் நாடகத்துறை இருக்கிறது, டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. பட்டம் முடித்து ஓராண்டு ஆசிரியப் பயிற்சி எடுத்தால் பள்ளியில் ஆசிரியையாகலாம். நான் பெற்றோருக்கு முதலில் சொல்லும் வழி இதுதான். வானொலி, மேடை ஒளியமைப்பு, ஒலி, மேடை நிர்வாகம் இவையெல்லாம் நடிப்பைவிட நிலையாக வேலை கிடைக்கும் இடங்கள். விட்ஸ் பல்கலைக்கழகத்தில் நாடக சிகிச்சையில் முதுகலை கூட உண்டு. பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால், அரசுப் பல்கலைக்கழகப் படிப்புக்கு நெஸ்ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதியுதவிக்கு மனுப் போடலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பள்ளியில் கேட்க வேண்டியது சில உண்டு. நாடகமும் பிசிக்கல் சயின்சஸும் கால அட்டவணையில் ஒரே நேரத்தில் வருகின்றனவா? வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், அப்போது பேச்சே வேறு. நாடகத்துக்கென்று படித்த ஆசிரியர் இருக்கிறாரா? போன ஆண்டு மேட்ரிக்கில் எத்தனை பேர் இந்தப் பாடம் எழுதினார்கள்? ஒத்திகை பள்ளி முடிந்த பிறகா, சனிக்கிழமையிலா? மாலை ஐந்து மணிக்கு அவளை யார் கூட்டி வருவது என்பது சின்ன விஷயமில்லை. பாதுகாப்பை நினைத்துத்தான் பல வீடுகளில் இந்தப் பாடத்தை நடுவில் விடுகிறார்கள்.

மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. "வேண்டாம்" என்று தொடங்காமல், "நாடகத்தில் உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். தோழி எடுக்கிறாள் என்று பதில் வந்தால் இன்னும் ஒரு வாரம் பேசுங்கள். ஒரு காட்சியைப் பற்றியோ, ஒரு கதாபாத்திரத்தைப் பற்றியோ, திரைக்குப் பின்னால் நின்று விளக்குப் போட்டதைப் பற்றியோ பத்து நிமிடம் விடாமல் பேசினால் கையெழுத்துப் போட்டுவிடலாம். 10ஆம் வகுப்பில் சரிப்படாவிட்டால் பாடம் மாற்ற வழி உண்டு. மேலே போகப் போகத்தான் கஷ்டம். அதனால் முதல் இரண்டு டெர்ம் மார்க்கையும் அவள் முகத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அவளுடைய கடைசி இரண்டு ரிப்போர்ட்டையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வாருங்கள். மகளும் வரட்டும். முடிந்தால் மாமனாரையும் அழைத்து வாருங்கள். 10ஆம் வகுப்பில் சடங்கிலிருந்து நாடகம் பிறந்த கதையும் வாய்மொழிக் கதை சொல்லும் மரபும் வரும். கூத்து பார்த்த ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார், அவள் முதலில் அவரிடம்தான் கேட்க வேண்டும்.