கோடையில் அனாலிசிஸ் படிக்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறேன். எங்கள் பல்கலைக்கழகம் விடுமுறையில் கோடைப் பருவ வகுப்புகள் நடத்துகிறது. ரியல் அனாலிசிஸை ஆறே வாரத்தில் முடித்துவிடலாம், கிரெடிட்டும் உண்டு. கூடவே லீனியர் அல்ஜீப்ராவையும் எடுத்தால் அடுத்த ஆண்டுக்கு இரண்டு தாள் குறையும். நண்பர்கள் பலரும் சேர்ந்துவிட்டார்கள்.

இன்னொரு பல்கலைக்கழகம் நடத்தும் நான்கு வாரக் கணித முகாமுக்கும் விண்ணப்பித்திருந்தேன், இடம் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. முகாமுக்குக் கிரெடிட் கிடையாது. பாடத்திட்டத்தைப் பார்த்தால் வகுபடுதல், பகா எண்கள், மீதிகள் என்று எல்லாம் பள்ளியில் படித்தவை. பகாக் காரணிகளாகப் பிரிப்பதை மறுபடி படிக்க ஒரு மாதமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. கோடை வகுப்புகள் எடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டு. எதில் சேரலாம்?

ர.

அன்புள்ள ர.,

முகாமுக்குப் போங்கள். என் பதில் அவ்வளவுதான். ஆனால் வீட்டில் காரணம் கேட்பார்களே, அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. செமஸ்டர் 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் ஒரு தாளுக்கு 45 மணி நேர வகுப்பு. அதை 6 வாரத்தில் முடிக்க வாரத்துக்கு ஏழரை மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரமாவது தனியே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அனாலிசிஸுக்கு அதுவே குறைவு என்பேன். அந்த அளவை வைத்துப் பார்த்தாலும் ஒரு தாளுக்கு வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம். உங்கள் திட்டப்படி இரண்டு தாள், ஆக 45 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழுநேர வேலைக்குச் சமம். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாம் வாரத்தில் எதைக் கைவிடுவீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுவேன், தனியே போட வேண்டிய கணக்கைத்தான். வகுப்புக்கு வருகைப்பதிவு உண்டு, அதற்கு இல்லையே.

பல்கலைக்கழகத்தில் கேட்டால் அதே 45 மணி நேரம்தான், எதையும் குறைக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் இருந்த நாட்கள்தான் காணாமல் போகின்றன. அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதற்கு அனாலிசிஸிலிருந்தே ஓர் இடத்தைக் காட்டுகிறேன்.

தொடர்ச்சி என்ற கருத்து வரும், அதன் பின்னாலேயே சீரான தொடர்ச்சி வரும். இரண்டு வரையறைகளையும் பலகையில் கீழ்மேலாக எழுதினால் சொற்கள் ஏறத்தாழ அவையேதான். வரிசை மட்டும் மாறியிருக்கும். முதலாவதில் புள்ளியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கேற்ற டெல்டாவை, அதாவது சார்பின் மதிப்பு அதிகம் மாறாமல் அந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் நகரலாம் என்ற அளவை, நீங்கள் தேடலாம். இரண்டாவதில் டெல்டாவை முதலிலேயே சொல்லியாக வேண்டும், அது எல்லாப் புள்ளிகளுக்கும் ஒத்துவர வேண்டும். கேட்கிறபோது யாரும் தலையாட்டிவிடுவார்கள். இப்போது ஓர் எண்ணை அதன் வர்க்கமாக்கும் சார்பை எடுங்கள். 1-லிருந்து 1.01-க்கு நகர்ந்தால் வர்க்கம் 0.0201 கூடுகிறது. 10-லிருந்து 10.01-க்கு நகர்ந்தால் 0.2001. 1000-லிருந்து 1000.01-க்கு நகர்ந்தால் 20.0001. நகர்ந்தது மூன்று இடத்திலும் அதே 0.01. டெல்டாவை எவ்வளவு சிறிதாக வைத்தாலும், போதுமான தூரம் தள்ளிப் போனால் அதைத் தோற்கடிக்கும் ஒரு புள்ளி கிடைத்துவிடும். ஆகவே எண்கோடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் இந்தச் சார்பு தொடர்ச்சியானதுதான், ஆனால் அந்தத் தொடர்ச்சி சீரானது இல்லை. 0-லிருந்து 1000 வரை போதும் என்று வெட்டிக்கொண்டால் சீராகிவிடுகிறது.

இதைப் பலகையிலிருந்து நோட்டில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் முதல் வீட்டுக்கணக்கில் பெரும்பாலானோர் செய்வது என்னவென்றால், டெல்டாவுக்கான சூத்திரத்துக்குள்ளேயே புள்ளியை நுழைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் இயற்கணிதமெல்லாம் சுத்தமாக இருக்கும், மதிப்பெண் மட்டும் சுழியம். திருத்திய தாள் கைக்கு வந்ததும் எரிச்சல் வரும். தாளை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் வேறெதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று, டெல்டாவைச் சொல்லும்போது புள்ளி எதுவென்றே நமக்குத் தெரியக் கூடாதே என்று உறைக்கும். இந்த உறைப்புதான் அந்தப் பாடம். 15 வாரப் பருவத்தில் இதற்கு நேரம் இருக்கிறது. ஆறு வாரப் பருவத்தில் தாள் திரும்பி வருவதற்குள் வகுப்பு ரீமான் இன்டக்ரலுக்குப் போயிருக்கும்.

டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வரிசைமாற்றக் கணக்கைச் சொல்லிக்கொடுத்து, பத்துப் பயிற்சிக் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் பத்தையும் ஒரே அமர்வில் போட்டார்கள். இன்னொரு பிரிவினர் ஐந்தைப் போட்டுவிட்டு, மீதி ஐந்தை ஒரு வாரம் கழித்துப் போட்டார்கள். பயிற்சி முடிந்து ஒரு வாரத்தில் வைத்த தேர்வில் இரண்டு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நான்கு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பிரித்துப் போட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு மதிப்பெண் வாங்கினார்கள்.

கோடைப் பருவத்தில் கடைசி வகுப்பு முடிந்த கையோடு தேர்வு வந்துவிடும். அதனால் உங்கள் நண்பர்கள் நல்ல மதிப்பெண்ணே வாங்குவார்கள், அதைப் பார்த்து உங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் வரும். அவர்கள் படித்தது தங்கியதா இல்லையா என்பது சில மாதம் கழித்து, அனாலிசிஸின் மேல் கட்டப்படும் டோபாலஜி வகுப்பில்தான் தெரியும்.

கோடைப் பருவமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், கால்குலஸின் இரண்டாம் பகுதி போன்றவை கையைப் பழக்கும் பாடங்கள், சுருக்கினாலும் தாங்கும். ஒரு முறை கோட்டைவிட்ட தாளை மறுபடி எழுதுகிறவருக்குக் கோடை வகுப்பு வரம், ஏனென்றால் பாடம் அவர் தலைக்குள் ஏற்கெனவே ஓராண்டு ஊறியிருக்கிறது. ஐந்து தாளுக்கு நடுவே கவனம் சிதறுகிறவர்கள் ஒரே தாளோடு உட்காரும்போது பிரமாதமாகச் செய்ததையும் பார்த்திருக்கிறேன். லீனியர் அல்ஜீப்ரா ஆளைப் பொறுத்தது. அணிகளை வைத்துக் கணக்குப் போடும் வகையில் நடத்தினால் அடுத்த கோடையில் தாராளமாக எடுக்கலாம். வெக்டர் ஸ்பேஸ் நிரூபணங்களாக நடத்தினால் அனாலிசிஸுக்குச் சொன்னதுதான் அதற்கும்.

இனி, பள்ளியிலேயே படித்துவிட்டதாக நீங்கள் சொல்லும் பகாக் காரணிகளுக்கு வருவோம்.

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை மட்டும் எடுங்கள்: 1, 5, 9, 13, 17, 21 என்று போகும். ஹில்பர்ட் எண்கள் என்று பெயர். இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை இதே கூட்டத்துக்குள் விழும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களே இல்லாத ஓர் உலகம் இது என்று வைத்துக்கொள்வோம். இங்கே 9-ஐ உடைக்க முடியாது, 3 என்ற எண்ணே இல்லையே. ஆக இந்த உலகத்தில் 9 ஒரு பகா எண். 3-ம் 7-ம் இல்லாததால் 21-ம், 49-ம் அப்படியே. இப்போது 441-ஐப் பாருங்கள். 9-ஐயும் 49-ஐயும் பெருக்கினால் 441. 21-ஐ 21-ஆல் பெருக்கினாலும் 441. ஒரே எண், இரண்டு விதமான பகாக் காரணிகள்!

எந்த எண்ணையும் ஒரே விதத்தில்தான் பகா எண்களாகப் பிரிக்க முடியும் என்று பள்ளியில் நம்பிக்கையோடு எழுதினோம். அது ஏன் உண்மை என்று யாராவது கேட்டார்களா? மேலே உள்ள உலகத்தில் அது பொய்யாகிறது. அப்படியானால் நம்முடைய எண்களில் அதைத் தாங்கிப் பிடிப்பது எது? ஹில்பர்ட் எண்களில் பெருக்கல் ஒழுங்காக ஓடுகிறது, கூட்டல் ஓடவில்லை. 5-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 14, அது கூட்டத்துக்கு வெளியே. கழித்தலும் இப்படித்தான் வெளியே தள்ளும். அதனால் மீதி எடுத்து மீதி எடுத்து மீப்பெரு பொதுக் காரணிக்கு இறங்கும் யூக்ளிடின் வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. பெருக்கலைப் பற்றிய ஓர் உண்மைக்குக் கூட்டல் முட்டுக்கொடுத்து நிற்கிறது என்பதை ஒருவர் தானே கண்டுபிடித்துவிட்டால், பின்னால் இயற்கணித வகுப்பில் வளையங்கள், ஐடியல்கள் என்ற கருத்துகள் வரும்போது அவை எதற்காக வந்தன என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் முகாமின் பாடத்திட்டத்தில் வகுபடுதல் என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டிருப்பதற்குள் இவ்வளவு இருக்கிறது.

இந்த வகை முகாம்களுக்குப் பழைய மரபு உண்டு. கணிதவியலாளர் ஆர்னால்ட் ராஸ் 1957-ல் அமெரிக்காவின் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் ஒன்றைத் தொடங்கினார், 1964-ல் அதை ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். பள்ளி மாணவர்களுக்கானது, பாடம் எண் கோட்பாடு. எளிய விஷயங்களை ஆழமாக யோசி என்பது அதன் வாசகம். அங்கே பயின்றவர்கள் 1989-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் என்ற முகாமைத் தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களுக்கென்றால் இந்தியாவில் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் ஆரம்பித்த எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது. அங்கே ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார், மாணவர்கள் எழுந்து வந்து பதிலைக் கட்டியாக வேண்டும்.

ஆனால் முகாம் என்று பெயர் வைத்ததெல்லாம் இப்படி இருக்காது. பெரிய பேராசிரியர்கள் வரிசையாக வந்து ஸ்லைடு காட்டிவிட்டுப் போகும் கோடைப் பள்ளிகளும் உண்டு. குழுப் புகைப்படமும் சான்றிதழும் மிஞ்சும். அதனால் போவதற்கு முன் போன ஆண்டு போய்வந்த ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். தினமும் கணக்குத் தாள் கொடுத்தார்களா? அதை யார் திருத்தினார்கள்? அடுத்த தாள் வருவதற்குள் திருத்தியது கைக்கு வந்ததா? மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், நான் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தயார்.

வீட்டில் கிரெடிட் பற்றிக் கேட்டால் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. முதுகலைக்கோ ஆய்வுக்கோ விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். பெரிய வகுப்பில் உங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவர் எழுதும் கடிதத்தில் மதிப்பெண்தான் இருக்கும். நான்கு வாரம் பலகையருகே நீங்கள் தடுமாறியதையும் மீண்டதையும் பார்த்த ஒருவரால் அதற்கு மேல் எழுத முடியும்.

கிளம்புவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் முழு எண் எதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எண்கோடு வரைந்து காட்டக் கூடாது, பார்த்தாலே தெரிகிறது என்றும் எழுதக் கூடாது. கூட்டல், பெருக்கல், பெரிது சிறிது பற்றிய வழக்கமான விதிகளை வைத்துக்கொள்ளலாம். மிகை முழு எண்களைக் கொண்ட எந்தக் கணத்திலும், அது வெற்றுக்கணமாக இல்லாதவரை, எல்லாவற்றிலும் சிறியது என்று ஒன்று இருக்கும் என்பதையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் எண் இருப்பதாக எடுத்துக்கொண்டு, அதை வர்க்கமாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அரைப் பக்கத்தைத் தாண்டாது. தாண்டினால் எழுதியதை அனுப்புங்கள்.