முழுவுடல் கதிர்வீச்சு: டர்பனிலிருந்து கேள்வி பதில்

மஜ்ஜை மாற்றுக்கு முன் தரப்படும் முழுவுடல் கதிர்வீச்சு (சுருக்கமாக டி.பி.ஐ.) பற்றி தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நத்தால் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும், மருத்துவ இயற்பியலாளர் ஒருவரின் பதில்களும். இதிலுள்ளவை பொதுவான எண்கள். உங்கள் நோயாளிக்கு உங்கள் குழு போட்ட எண்தான் செல்லும்.

டோங்காட்டிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஒன்பது வயது, ரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.). இத்தனை கீமோ ஏற்றிய பிறகும் எதற்கு உடம்பு முழுக்கக் கதிர்?

இரண்டு வேலைக்காக, அம்மா. மூளையைச் சுற்றிய நீர், விரை போன்ற இடங்களுக்கு கீமோ சரியாகப் போய்ச் சேராது. அங்கே ஒளிந்திருக்கும் செல்களைக் கதிர் எட்டும். அடுத்து, வரப்போகும் புது மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும். 4 வயதுக்கு மேற்பட்ட ஏ.எல்.எல். பிள்ளைகளில் கதிர் கலந்த தயாரிப்பையும் மருந்து மட்டும் தந்த தயாரிப்பையும் ஒப்பிட்ட 'ஃபோரம்' ஆய்வு 2021-இல் வெளியானது. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர் பக்கம் 91 சதம், மருந்து பக்கம் 75 சதம்.

சும்மா கிடைக்கும் லாபமில்லை இது. கண்புரை, தைராய்டு மந்தம், உயரக் குறைவு, பிற்காலத்தில் பிள்ளைப்பேறு இல்லாமை, பல வருடம் கழித்து வேறொரு புற்று என்று எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. ஹார்மோன் மருத்துவரிடமும் கண் மருத்துவரிடமும் தொடர்ந்து காட்ட வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். வயதுக்கு வந்த பையன் என்றால் விந்து சேமிப்பைப் பற்றி முதல் கீமோவுக்கு முன்பே பேசியிருக்க வேண்டும். அது தள்ளிப்போடுகிற பேச்சு இல்லை.

அதே தாய்: கதிர் வாங்கி வந்ததும் அவனைத் தொடலாமா?

தாராளமாகக் கட்டிப்பிடிக்கலாம். இயந்திரம் நின்ற நொடியே கதிரும் நின்றது. உடம்பில் எதுவும் தங்காது. கை கழுவுவதும் முகக்கவசமும் தொற்றுக்காக மட்டும்தான். முதல் நாள் முடிந்து மறுநாள் காதுக்குக் கீழே கன்னம் வீங்கி வலித்தால் பயப்பட வேண்டாம், உமிழ்நீர்ச் சுரப்பிதான். இரண்டு மூன்று நாளில் வடியும். ஆனாலும் தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

வெஸ்ட்வில் மாணவர்: அக்கா, நோயாளி 4 மீட்டர் தள்ளி நிற்கும்போது மானிட்டர் யூனிட் (இயந்திரம் கதிரை எண்ணும் அலகு) கணக்கை எப்படிப் போடுவது?

தம்பி, புத்தகக் கணக்கில் தொடங்கலாம், அதோடு நிறுத்தக் கூடாது. 1 மீட்டரில் யூனிட்டுக்கு 1 சென்டிகிரே (உடம்பு வாங்கும் கதிரின் அளவு, 100 சேர்ந்தால் ஒரு கிரே) தரும் லினாக் (கதிர் இயந்திரம்), 4 மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 0.0625 தரும். பெரிய புலத்தின் (கதிர் விழும் பரப்பு) சிதறலுக்கு 1.05, 12 செ.மீ. ஆழத்திலுள்ள நடுத்தளத்துக்கு (உடம்பின் நடுப்பகுதி) 0.80, முன்னால் நிற்கும் பெர்ஸ்பெக்ஸ் (பிளாஸ்டிக்) தகட்டுக்கு 0.95 என்று பெருக்கினால் சுமார் 0.05 வரும். ஒரு வேளைக்கு 200 சென்டிகிரே வேண்டுமென்றால் 4000 யூனிட். முன்னால் 2000, பின்னால் 2000. நிமிடத்துக்கு 200 யூனிட் வேகத்தில் 20 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 10 சென்டிகிரே.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நேரே நோயாளியிடம் போகாதே. உன் பங்கரின் (இயந்திரம் இருக்கும் அறை) சுவரும் தரையும் கதிரைத் திருப்பி எறியும். தூரம் நான்கு மடங்கானால் கதிர் பதினாறில் ஒன்றாகும் என்ற தலைகீழ் இருமடி விதிக்கு அது தெரியாது. ஃபேன்டத்தை (உடம்புக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) நோயாளி நிற்கும் அதே இடத்தில் வைத்து அள. புலம் ஃபேன்டத்தை விடப் பெரியது, ஆகவே சிதறலைத் தீர்மானிப்பது ஃபேன்டத்தின் அளவுதான், புலத்தின் அளவு அல்ல. சேம்பரின் (கதிரை அளக்கும் கருவி) கேபிள் ஒன்றரை மீட்டர் கதிருக்குள் கிடந்தால் கேபிளே மின்னோட்டம் தரும். கேபிளைப் புலத்துக்குள் கூட்டி ஒருமுறை, குறைத்து ஒருமுறை எடு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவைக் குப்பையில் போடு.

இன்னொரு பொறி வேகம். தினசரி சிகிச்சைக்கு நிமிடத்துக்கு 600 யூனிட்டில் ஓடும் இயந்திரத்தை யாரும் 200-க்கு மாற்றாமல் விட்டால், 20 நிமிட வேலை ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மொத்த டோஸ் சரியாக இருக்கும், தோலில் ஒட்டி டோஸ் அளக்கும் டையோடும் ஒன்றும் காட்டாது, வேகத்தின் அடி மட்டும் நுரையீரலுக்கு விழும். அதனால் வேகத்தைத் தனி வரியாக எழுதி, இருவர் கையெழுத்துப் போட்ட பிறகே கதிரைத் திறக்க வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பொறியாளர்: 40 செ.மீ. புலத்துக்குள் முழு ஆள் எப்படி அடங்குகிறார்?

தூரத்தால். 1 மீட்டரில் 40 செ.மீ. என்பது 4 மீட்டரில் 160 செ.மீ. கோலிமேட்டரை (கதிருக்கு வடிவம் தரும் தலைப்பகுதி) 45 பாகை திருப்பினால் மூலைவிட்டத்தில் சுமார் 2 மீட்டர் கிடைக்கும். பங்கர் சிறியதாகி 3 மீட்டர்தான் உண்டென்றால் மூலைவிட்டம் ஒன்றரை மீட்டருக்குச் சுருங்கும். ஆள் முழங்காலை மடக்கித்தான் ஆக வேண்டும். தடிமனையும் பாருங்கள்: 6 எம்.வி. (ஆற்றலின் அளவு) கதிர் 35 செ.மீ. தடிமன் வரைதான் ஒப்பும். அதற்கு மேலே போனால் நடுத்தளத்தை விட ஓரம் 10 சதத்துக்கு மேல் வாங்கிவிடும், உயர்ந்த ஆற்றல் தேவைப்படும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு ரேடியோகிராஃபர்: நுரையீரல் தடுப்புக் கட்டையில் எது அடிக்கடி தப்பாகிறது?

அளவு மாற்றம். படத்தில் வரையும் உருவம் நடுத்தளத்தில், 400 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. கட்டை தொங்கும் தட்டு 370-இல் இருந்தால் 0.925 மடங்கில் வெட்ட வேண்டும், 20 செ.மீ. உருவம் 18.5 ஆக வேண்டும். அப்படியே 20-க்கு வார்த்துவிட்டால் நிழல் 21.6 ஆகி முதுகெலும்பை மூடும். அங்கேதான் மஜ்ஜை, அங்கேதான் நாம் கொல்ல நினைக்கும் செல். விலா எலும்பின் உள்விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, முதுகெலும்பிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி வரைவது நல்ல தொடக்கம்.

கட்டை எதற்கு என்றால், நுரையீரலின் அடர்த்தி தண்ணீரில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். கதிர் அதில் தேயாமல் போவதால் 12 கிரே எழுதினால் நுரையீரல் 13, 14 வாங்கும். சராசரியை 8 கிரேக்குள் வைப்பதே இன்றைய நோக்கம். சுமார் ஒன்றரை செ.மீ. செரோபெண்ட் (கட்டை வார்க்கும் உலோகக் கலவை) 6 எம்.வி. கதிரைப் பாதியாக்கும், ஆனால் கட்டைக்கு அடியிலும் சிதறல் நுழையும். '50 சதக் கட்டை' என்று பெயர் எழுதியிருப்பதால் நுரையீரலுக்குப் பாதிதான் என்று நம்பாதீர்கள். கீழே அளந்து பாருங்கள். கட்டை மறைத்த விலா எலும்புக்கு எலக்ட்ரான் கொண்டு ஈடு செய்வார்கள். நோயாளி நிற்கும்போது ஒவ்வொரு வேளையும் படம் எடுங்கள். மூன்றாம் நாள் களைத்துப்போய் தோள் இறங்கும், கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர்: அரிசி மூட்டை வைத்துக் கதிர் கொடுப்பதாகக் கேட்டோம். கேலியா?

கேலி இல்லை. பக்கவாட்டுக் கதிரில் தோள் 45 செ.மீ., கழுத்து 12 செ.மீ. என்று உடம்பு மேடுபள்ளம். ஈடு செய்யாவிட்டால் கழுத்தும் கணுக்காலும் கூடுதலாக வாங்கும். கால்களுக்கு நடுவிலும் கழுத்தோரத்திலும் அரிசிப் பை வைத்தால் உடம்பு பெட்டி மாதிரி சமமாகும். குவிந்த அரிசியின் அடர்த்தி சுமார் 0.8, ஆகவே 10 செ.மீ. அரிசி 8 செ.மீ. தண்ணீருக்குச் சமம். டேஸ்டிக்கா பாஸ்மதியா என்பது கதிருக்குத் தெரியாது. காற்றுப்பை விழாமல் தட்டி நிரப்ப வேண்டும், வண்டு வருவதற்குள் மாற்ற வேண்டும். முன்-பின் முறையில் இதே வேலையை ஈயத் தகடு செய்யும்: 6 எம்.வி.-யில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 5 சதம் குறையும்.

வெஸ்ட்வில் மாணவர் மறுபடி: புது இயந்திரங்களில் வி.எம்.ஏ.டி. (இயந்திரம் சுற்றிக்கொண்டே கதிர் தரும் முறை) இருக்கும்போது இந்தப் பழைய வித்தை எதற்கு?

நுரையீரலையும் சிறுநீரகத்தையும் எண்ணி ஒதுக்குவதில் வி.எம்.ஏ.டி. ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் உடம்புக்குக் கீழ்நோக்கி மூன்று நான்கு ஐசோசென்டர் (இயந்திரம் சுற்றும் மையம்), கால்களுக்கு ஆளைத் திருப்பி வேறு புலம், இரண்டு சி.டி. ஸ்கேன் தொகுப்பு. புலங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு செ.மீ. நகர்ந்தால் ஓரிடம் கருகும், அல்லது ஓரிடம் பட்டினி கிடக்கும். சந்திப்பைப் பல செ.மீ. நீளத்துக்குச் சரிவாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அந்தத் தவறு மழுங்கும். பயிற்சி பெற்ற ஆளும், திட்டத்தைச் சோதிக்க நாளும் இருந்தால் நான் அதையே சொல்வேன். இரண்டும் இல்லாத இடத்தில் நன்றாக அளந்த பழைய முறை பாதுகாப்பானது.

மெரிபேங்கிலிருந்து ஒரு பாட்டி: பேத்தி கழுத்தில் கோயில் கயிறும் தாயத்தும் உண்டு. கழற்றத்தான் வேண்டுமா?

கயிறு இருக்கட்டும், பாட்டி. வெள்ளித் தாயத்தைக் கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உலோகம் ஒட்டிய தோலுக்குக் கூடுதல் கதிர் விழும். திருநீறு பரவாயில்லை. எண்ணெய் அப்ப வேண்டாம்.

ஃபீனிக்ஸ் ரேடியோகிராஃபர்: பாதியில் மின்சாரம் போனால்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கதிர் தானாக நிற்கும். விழுந்த யூனிட் எவ்வளவு என்பது இயந்திரத்தின் காப்பு எண்ணியில் இருக்கும். திரை இருண்டால் முதல் வேலை அந்த எண்ணைத் தாளில் எழுதுவது. நோயாளியை உட்கார வையுங்கள். ஜெனரேட்டர் ஏறியதும் இயந்திரத்தின் குளிரூட்டலும் அதன் உள்ளே உள்ள வெற்றிடமும் சரியா என்று பார்த்து, கட்டையை மறுபடி படமெடுத்து, மீதி யூனிட்டை மட்டும் கொடுங்கள்.

ஆறு வேளையில் இரண்டாவதோடு இயந்திரம் படுத்துவிட்டால் அது பெரிய சங்கடம். மஜ்ஜை அழியத் தொடங்கியாயிற்று, பின்வாங்க வழியில்லை, கொடையாளியின் செல் வரும் நாள் குறித்தாயிற்று. அதனால் அதே தூரத்தில் அளந்து வைத்த இரண்டாவது லினாக்கோ, அதே முறைக்கு ஒப்புக்கொண்ட பக்கத்து மருத்துவமனையோ இல்லாமல் முதல் வேளையைத் தொடங்கக் கூடாது. ஒரே நாளின் இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். காலை 8-க்குத் தொடங்கினால் மாலை 3-க்கு வைக்கலாம், தாமதமானாலும் நாளுக்குள் இடம் இருக்கும். காலை வேளையையே 11-க்குத் தள்ளும் அட்டவணை ஒரு சின்னப் பழுதுக்குக்கூடத் தாங்காது.