சவப்பெட்டி ரெண்டா, நாலா?

கே: முன்பின் தெரியாத ஒருவன் வந்து, ஊரை ஆட்டிப்படைக்கும் ரெண்டு கும்பலையும் மோதவிட்டுத் தீர்த்துக்கட்டுகிறான். ஜப்பானிய வாள்வீரர்களின் சாமுராய் படத்திலும் கௌபாய் படத்திலும் ஒரே கதை எப்படி?
- வாசகர், தேனி

ப: தற்செயல் என்று நினைத்தீர்களா? சுட்ட கதை சார்! ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் சாமுராய் படம் 'யோஜிம்போ' 1961-இல் வந்தது. அதையே இத்தாலி இயக்குநர் செர்ஜியோ லியோனி 1964-இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' என்று கௌபாய் படமாக எடுத்துவிட்டார், அனுமதியெல்லாம் வாங்கவில்லை. வழக்காகி, கடைசியில் வசூலில் 15 சதவீதம் தருவதாகச் சமரசம் ஆனது. சவப்பெட்டிக் காட்சியையே பாருங்கள்: சாமுராய் ரெண்டு பேரைக் கொன்று, மூன்றாமவன் கையை வெட்டிவிட்டு, சவப்பெட்டி செய்பவரிடம் "ரெண்டு பெட்டி" என்பான், அப்புறம் "மூணாகவும் இருக்கலாம்" என்பான். கௌபாயாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட்டோ சண்டைக்குப் போகும்போதே மூன்று பெட்டிக்குச் சொல்லிவிட்டு, திரும்பி வரும்போது "தப்பு, நாலு" என்று கூலாகத் திருத்துவார். சுட்டதுதான், ஆனாலும் எனக்கு இந்த நாலுதான் பிடிக்கும்.