பதில்: டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினுக்குப் பெரிய இன்ஜெக்டர் தேவையா?

வணக்கம் நண்பரே. ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் ஹெடர் மாத்தியும் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏத்தத்துல இழுவை இல்ல, மெக்கானிக் பெரிய இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுற பாகம்) போடச் சொல்றார்னு எழுதியிருக்கீங்க. போடாதீங்க.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடும். உள்ள போற காத்தே கம்மி, அதனால பெட்ரோலும் கம்மியாத்தான் வேணும். 90 குதிரைத்திறன், 4 இன்ஜெக்டர், 80 சதவீத டூட்டி (மொத்த நேரத்துல இன்ஜெக்டர் திறந்திருக்கிற பங்கு)ன்னு கணக்குப் போட்டா ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு 150 சிசி குடுத்தாலே போதும்.

சந்தேகம் தீரணும்னா ஆளில்லாத ரோட்டுல ரெண்டாவது கியர்ல முழு ஆக்சிலரேட்டர் குடுங்க, பக்கத்துல ஒருத்தர் ஓபிடி ஸ்கேனரை (கார் கம்ப்யூட்டர்ல செருகி ரீடிங் பார்க்கிற கருவி) பார்க்கட்டும். இன்ஜெக்டர் பல்ஸ் (ஒரு தடவை திறந்திருக்கிற நேரம்) எத்தனை மில்லிசெகண்டோ அதை ஆர்பிஎம்மால பெருக்கி 1200-ஆல வகுத்தா டூட்டி சதவீதம் வந்துடும். 6000 ஆர்பிஎம்ல 16 மில்லிசெகண்டுன்னா 80 சதவீதம். அதைத் தாண்டினாலும் முதல்ல ஃபியூயல் பிரஷரைப் பாருங்க. பம்ப் தளர்ந்திருந்தாலோ, ஃபில்டர் அடைச்சிருந்தாலோ, இன்ஜெக்டர்ல அழுக்கு இருந்தாலோ இதே மாதிரிதான் காட்டும்.

ஈசியூ மேப் (இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருக்கிற பெட்ரோல் அளவுக் கணக்கு) மாத்தாம பெரிசு மாட்டினா ஐடில் தடுமாறும், பிளக் கரி பிடிக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயில்ல கலக்கும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போயிடும். அதுதான் பெரிய செலவு.

ஸ்கேனர்ல வர்ற ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) ரீடிங்கை இங்க போடுங்க, பார்ப்போம்.